கலிங்கு உயர்ந்த ஏரி: காற்று வெப்பத்தைத் தேக்கும் முறை

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் பெருகும் சில வாயுக்கள் பூமியின் வெப்பத்தைச் "சிறைபிடிக்கின்றன" என்று பாடநூல் முதல் செய்தித்தாள் வரை எழுதப்பட்டு வருகிறது. உள்ளே போனது வெளியே வராது என்ற எண்ணத்தைச் சிறை என்னும் சொல் தருவதால், நடப்பதில் பாதியை அது மறைத்துவிடுகிறது. சூரியனிடமிருந்து பூமி ஏற்கும் வெப்பம் ஏறத்தாழ முழுவதும் விண்வெளிக்கே திரும்பிச் செல்கிறது. அவ்வாறு செல்லாதிருந்தால் கடல்கள் என்றோ கொதித்து வற்றியிருக்கும். அந்த வெப்பம் எந்த உயரத்திலிருந்து வெளியேறுகிறது என்பதை மாற்றுவதே வாயுக்களின் வேலை. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் திருவண்ணாமலையின் பாறை, ஏரி, வயல், தீபம் ஆகியவற்றின் துணையோடு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், கோடைக்காலத்துப் பௌர்ணமி இரவில் நடப்போர், வெயில் தாழ்ந்து நெடுநேரம் ஆன பின்னும் அடிவாரப் பாறைகளை ஒட்டிச் செல்கையில் அவற்றைத் தொடாமலேயே ஓர் அனலை உணர்வர். அந்த அனலில் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளியாகப் பாறையிலிருந்து புறப்பட்டு வருவது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ற கதிர்களை ஓயாது உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. பொருள் சூடாக இருக்குமளவுக்கு அக்கதிரின் அலைநீளம் குறுகுகிறது, உமிழும் ஆற்றலும் விரைந்து பெருகுகிறது. ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சூரியப் பரப்பு, மீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோமீட்டரில் பாதியளவு அலைநீளத்தில் மிகுதியாக ஒளிர்கிறது. அது நம் கண் காணும் ஒளி. முப்பது டிகிரி வெப்பமுள்ள கருங்கல்லோ 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளங்களில் ஒளிர்கிறது. சிவப்பு நிறத்துக்கும் அப்பால் கண்ணுக்கு எட்டாமல் கிடக்கும் இதனை அகச்சிவப்புக் கதிர் என்பர். அத்தகைய பாறையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 450 வாட் ஆற்றலை இவ்வாறு வெளியிடுகிறது. ஐம்பூதத் தலங்களுள் அக்கினித் தலமாகப் போற்றப்படும் இவ்வூரின் மலை ஆதியில் நெருப்பாக நின்று பின்னர்க் கல்லாயிற்று என்பது தலபுராணம். கல்லான பின்னும் அம்மலை ஒளிர்கிறது என்று இயற்பியலார் சொல்லலாம். ஆனால் ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவது புராணத்துக்கும் நியாயமன்று, இயற்பியலுக்கும் நியாயமன்று.

இனி வரவு செலவுக் கணக்குக்கு வரலாம். பூமியின் பரப்பு முழுவதற்கும், இரவு பகல் அனைத்துக்கும் சராசரியாகப் பங்கிட்டால், சூரியனிடமிருந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 340 வாட் வந்து சேர்கிறது. அதில் பத்தில் மூன்று பங்கை மேகமும் பனியும் மணலும் திருப்பியனுப்பிவிட, எஞ்சிய 240 வாட் ஏற்கப்படுகிறது. இந்த 240 வாட்டைத் திரும்ப உமிழ்வதற்குப் பூமிக்கு வேண்டிய வெப்பநிலை, சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி மட்டுமே. ஆயினும் நிலமும் கடலும் சேர்ந்த பூமிப்பரப்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரியாக இருக்கிறது. இடைப்பட்ட 33 டிகிரி, காற்று தந்த கொடை. மனிதர் புகைபோக்கி கட்டுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இக்கொடை நிலவிவருகிறது. ஆகவே பசுமைக்குடில் விளைவு எனப்படும் இக்கொடையையே ஒரு கேடாகப் பேசுவது தவறு.

இக்கொடை இல்லாத உலகம் எவ்வாறிருக்கும் என்பதற்குக் கிரிவலம் வருவோரின் தலைக்கு மேலேயே ஒரு சான்று தொங்குகிறது. நிலவு சூரியனிலிருந்து நாம் இருக்கும் தொலைவிலேயே இருக்கிறது, ஆனால் அதற்குக் காற்றுப் போர்வை இல்லை. அதன் நடுக்கோட்டுப் பகுதியில் நண்பகல் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுகிறது. இரவில் சுழியத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் மேலாக இறங்கிவிடுகிறது. அங்கு ஒரு பகல் நம் கணக்கில் இரண்டு வாரம் நீள்வதும் இதற்கு ஒரு காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3, அண்டை மாவட்டமாகிய விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய பணி. அதன் வெப்பமானி மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேலும், எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழேயும் காட்டியது. காற்று இல்லாத இடத்தில் வெப்பத்தைப் பகலிலிருந்து இரவுக்கும், மேலிருந்து கீழுக்கும் பகிர்ந்தளிக்க யாரும் இல்லை.

காற்றிலும் எல்லா வாயுக்களும் இதைச் செய்வதில்லை. உலர்ந்த காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்காக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்புக் கதிரை ஏறத்தாழ முற்றிலும் ஊடுருவ விட்டுவிடுகின்றன. ஒரு மூலக்கூறு, அதாவது அணுக்கள் பிணைந்த வாயுவின் மிகச்சிறு துகள், கதிரை விழுங்க வேண்டுமாயின், அது அதிரும்போது அதன் மின்னூட்டச் சமநிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து மீள வேண்டும். ஒரே வகை அணு இரண்டு சேர்ந்த நைட்ரஜனில், எவ்வளவு அதிர்ந்தாலும் இருபுறமும் சமமாகவே இருப்பதால், கதிரின் மின்புலத்துக்குப் பற்றிக்கொள்ளக் கொம்பு ஏதுமில்லை. கரியமில வாயு எனப்படும் கார்பன் டை ஆக்சைடோ நடுவில் ஒரு கரியணுவும் இருபுறமும் ஆக்சிஜன் அணுக்களுமாக ஒரே கோட்டில் அமைந்தது. காவடித் தண்டு நடக்க நடக்க வளைந்து நிமிர்வதுபோல அது வளைந்து நிமிரும்போது சமநிலை சாய்கிறது. அந்த வளைவுக்குப் பொருந்தும் அலைநீளம் 15 மைக்ரோமீட்டர். பூமி மிகுதியாக ஒளிரும் பகுதிக்கு மிக அருகிலேயே அது அமைந்திருப்பதுதான் இவ்வாயு இத்தனை முதன்மை பெறக் காரணம். (அகச்சிவப்புக்கு அகப்படாத நைட்ரஜன், ஆக்சிஜன் அதிர்வுகளைக் காண வேறொரு வழி உண்டு. 1928-இல் ச. வெ. இராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறல் அவற்றைத் தெளிவாகக் காட்டிவிடும். ஒன்றுக்குப் புலப்படாதது மற்றொன்றுக்குத் தெரிகிறது.)

இதன் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1856-இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு நிறைந்த குழாயே மற்றவற்றைவிட அதிகம் சூடேறியதைக் கண்டார். 1859 முதல் இலண்டனில் ஜான் டிண்டால் நீராவியும் கரியமில வாயுவும் கட்புலனாகா வெப்பக் கதிரை விழுங்குவதைக் கருவி கொண்டு அளந்தார். 1896-இல் சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ், கரியமில வாயு இருமடங்கானால் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்று கையாலேயே கணக்கிட்டு, ஐந்து ஆறு டிகிரி என்று விடை கண்டார். இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 3 டிகிரி. மின்கணிப்பொறி இல்லாத நாளில் எழுந்த கணக்குக்கு இவ்வளவு நெருக்கம் வியப்புக்குரியதே.

பசுமைக்குடில் என்ற பெயர் இந்நிகழ்வுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஓசூர்ப் பகுதியில் ரோஜா வளர்க்கும் குடில்களின் உள்ளே சூடு நிலவுவதற்கு முதற்காரணம், சூடான காற்று மேலெழுந்து வெளியேறாதபடி கூரை தடுப்பது. ஓரத்துத் திரையைச் சுருட்டிவிட்டால் சூடு தணிந்துவிடும். பூமிக்கு அத்தகைய கூரை இல்லை. இதனைவிடப் பொருத்தமான உவமை தொண்டை நாட்டின் ஏரிகளில் கிடைக்கிறது. வரத்துக் கால்வாய் வழியாக நீர் ஒரே அளவில் வந்துகொண்டிருக்க, நிரம்பிய ஏரியின் உபரிநீர் கலிங்கு வழியாக வழிந்தோடுகிறது. இவ்வட்டாரத்தார் அதை ஏரி "கோடி போகிறது" என்பர். வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரை நீர்மட்டம் அசைவதில்லை. கலிங்கின் மேல் ஒரு வரிசைக் கல் கூடுதலாக அடுக்கப்பட்டால், சில நாள் வெளியேற்றம் குறைகிறது, நீர்மட்டம் ஏறுகிறது. புதிய உயரத்தை எட்டியதும் முன்போலவே வந்த நீரெல்லாம் வழிந்து போகிறது. நீர் சிறைப்படவில்லை; ஏரியின் மட்டம்தான் உயர்ந்துவிட்டது. பூமியில் வரத்து சூரிய ஒளி, மட்டம் வெப்பநிலை, கலிங்கின் கல் கரியமில வாயு. இன்று உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வேறுபாடு 240 வாட்டில் ஏறத்தாழ ஒரு வாட் மட்டுமே. அதில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் இறங்குகிறது. பெரிய ஏரி மெல்ல நிரம்புவதைப் போல, கடலின் பரப்பளவும் ஆழமும் இந்த ஏற்றத்தைப் பல பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கின்றன.

கல் அடுக்குவது என்ற இவ்வுவமை காற்றில் எதைக் குறிக்கிறது என்பதில்தான் அறிஞர்களே ஒரு காலத்தில் இடறினர். 1900-இல் சுவீடனின் நட் ஆங்ஸ்ட்ரம், 15 மைக்ரோமீட்டர் கதிரை இருக்கின்ற கரியமில வாயுவே முற்றும் விழுங்கிவிடுவதால், மேலும் சேர்ப்பதால் விளைவொன்றும் இராது என்று வாதிட்டார். அறையின் சன்னலுக்குக் கருந்திரை போட்ட பின் இன்னொரு திரை போட்டால் இருள் கூடவா போகிறது என்பது போன்ற வாதம் இது. இன்றும் மேடைகளில் புதியதுபோல எடுத்தாளப்படுகிறது. அதன் பிழை, காற்றை ஒரே திரையாகக் கருதியதில் உள்ளது. காற்று பல அடுக்குகளால் ஆனது. ஒவ்வோர் அடுக்கும் கீழிருந்து வரும் கதிரை விழுங்கித் தன் சூட்டுக்கேற்ப மேலும் கீழும் மறுபடி உமிழ்கிறது. விண்வெளியை எட்டுவது, தனக்கு மேலே போதுமான வாயு இல்லாத அளவுக்கு உயரத்திலுள்ள அடுக்கின் உமிழ்வே. எல்லா அலைநீளங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அவ்வடுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்று ஏறத்தாழ ஆறரை டிகிரி குளிர்கிறது. 800 மீட்டரைத் தாண்டிய அண்ணாமலை உச்சிக்குத் தீபம் காண ஏறியவர் உணரும் குளிர்ச்சியும் இக்கணக்கில் அடங்கியதே. 5 கிலோமீட்டரை ஆறரையால் பெருக்கினால், முன்னர்ச் சொன்ன 33 டிகிரி கிடைத்துவிடுகிறது. கரியமில வாயு கூடும்போது, விண்வெளியை நோக்கி உமிழும் அடுக்கு இன்னும் மேலே போகிறது. அங்கே குளிர் மிகுதி, குளிர்ந்தது குறைவாகவே உமிழும். ஆகவே வெளியேற்றம் குறைகிறது, கீழேயுள்ள அனைத்தும் சூடேறி அந்த மேலடுக்கு மீண்டும் பழைய வெப்பநிலைக்கு வரும்வரை ஏற்றம் தொடர்கிறது. உயர்ந்த கலிங்கு என்பது இதுவே.

இது கணக்கோடு நின்றுவிடவில்லை. 1970-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-4 என்ற செயற்கைக்கோள் மேலிருந்து பூமியின் அகச்சிவப்பு ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, 15 மைக்ரோமீட்டர் பகுதியில் ஆழ்ந்த பள்ளம் ஒன்று தெரிந்தது. அங்கே செயற்கைக்கோள் கண்டது தரையையன்று, கடுங்குளிரான மேலடுக்கையே. 1997-ஆம் ஆண்டின் அளவீடுகளை அதனோடு ஒப்பிட்டு 2001-இல் வெளிவந்த ஆய்வு, வாயுக்கள் பெருகிய அலைநீளங்களிலேயே வெளியேறும் கதிர் மாறியிருப்பதைக் காட்டியது. வேறொரு சான்றும் குறிப்பிடத்தக்கது: சியூகுரோ மனாபே 1967-இல் செய்த கணக்கு, கரியமில வாயு கூடினால் கீழ்க்காற்று சூடேறும், அடுக்குமண்டலம் எனப்படும் மேல்காற்று குளிரும் என்றது. சூரியன் கூடுதலாகக் காய்ந்திருந்தால் இரண்டுமே சூடேறியிருக்க வேண்டும். அளவீடு மனாபேயின் பக்கம் நின்றது; 2021-இல் இயற்பியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

பூமியின் வெப்பக் கதிர் வெளியேற எட்டு முதல் பன்னிரண்டு மைக்ரோமீட்டர் வரை ஒரு பகுதி ஏறக்குறையத் திறந்தே கிடக்கிறது. நீராவியோ கரியமில வாயுவோ அதை அடைப்பதில்லை. வளிமண்டலச் சாளரம் என்று அதற்குப் பெயர். அதனை அடைக்கவல்ல வாயு ஒன்று உண்டு என்பதை உலகுக்கு முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்திரன் இராமநாதன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற அவருக்கு, செகந்திராபாதில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் முதலில் வாய்த்த வேலை, பெட்டிகளிலிருந்து குளோரோஃபுளோரோகார்பன் என்னும் குளிர்விப்பு வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது. பின்னர் அமெரிக்காவில் கோள்களின் வளிமண்டலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கசிந்த அந்த வாயு மேலே என்ன செய்யும் என்று வினவி, 1975-இல் சயன்ஸ் இதழில் விடையை வெளியிட்டார்: அதன் ஒரு மூலக்கூறு, வெப்பத்தைத் தேக்குவதில், கரியமில வாயுவின் ஏறத்தாழ பத்தாயிரம் மூலக்கூறுகளுக்குச் சமம். காரணம் மூலக்கூறின் வலிமையில் மட்டுமில்லை, இடத்திலும் இருக்கிறது. ஏற்கெனவே பாதி அடைத்த மதகில் இன்னொரு கல் வைப்பது வேறு, முழுக்கத் திறந்திருந்த மதகில் முதற்கல் வைப்பது வேறு. ஓசோன் படலத்தைக் காக்கவென்று 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கை இவ்வாயுக்களைப் பயன்பாட்டிலிருந்து விலக்கியதால் வெப்பநிலைக்கும் நன்மை விளைந்தது. அதன் ஆக்கியோர் முதன்மையாக எண்ணியது அதுவன்று.

நீராவியே காற்றில் மிகுதியாக வெப்பம் தேக்குவது என்றும், கரியமில வாயுவைப் பழிப்பானேன் என்றும் சிலர் கேட்பர். முதற்பாதி உண்மை. மார்கழியில் வானம் தெளிந்த இரவு விடியலில் பனி கொட்டுவதும், காற்றில் ஈரம் மிகுந்த இரவு புழுங்குவதும் இதனால்தான். ஆனால் நீராவி தானாகக் கூடுவதில்லை. மிகுந்தால் சில நாளில் மழையாக இறங்கிவிடும். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலையே முடிவு செய்கிறது: ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. இறங்காமல் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் கரியமில வாயு முதலில் சூடேற்ற, நீராவி பின்தொடர்ந்து அச்சூட்டை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. கூடிய நீராவி மழையாகவும் கூடித்தானே இறங்க வேண்டும்? 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் உள்நாட்டில் மெல்ல நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 1 அன்று அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் மண்ணில் புதைந்தன. அந்தப் புயலைக் கரியமில வாயுவின் கணக்கிலேயே எழுதிவிடுவது முறையன்று. வங்கக்கடல் எக்காலத்திலும் புயல் வளர்த்த கடல், மலைச்சரிவில் வீடெழுந்ததும் தனிக்கதை. சூடேறிய கடலிலிருந்து புறப்படும் மேகம் கூடுதல் நீரைச் சுமந்து வருகிறது என்பதுவரை மட்டும் இயற்பியல் உறுதி கூறும்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் நெல்வயல்களும் இந்த வாயுக் கணக்கில் உள்ளவை. ஆரணியின் அரிசி ஆலைகளுக்கு நெல் அனுப்பும் வயல்களில் நீர் தொடர்ந்து தேங்கி நிற்கும்போது, சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, அது இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மக்கிய தாளைத் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. நெற்பயிரின் தண்டே அவ்வாயு மேலேறுவதற்குக் குழாயாக அமைகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 28 மடங்குக்குக் குறையாமல் வெப்பம் தேக்கும் மீத்தேன், நல்வாய்ப்பாகப் பன்னிரண்டு ஆண்டளவில் சிதைந்துவிடுகிறது. நீரைக் கட்டுவதும் வடியவிட்டுக் காயவிடுவதுமாக மாறிமாறிச் செய்யும் "காய்ச்சலும் பாய்ச்சலும்" முறையில் சேற்றுக்குள் காற்று புகுவதால், அந்நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. உழவர் இதைக் கைக்கொள்வது பெரும்பாலும் கிணற்று நீரை மிச்சப்படுத்தவே.

இறுதியாகத் தீபத்தின் கணக்கு. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் ஏற்றப்பட்டுப் பதினொரு நாள் எரியும் சுடருக்கு 3,500 கிலோ நெய் செலவாவதாகச் செய்திகள் குறிப்பிடுவது வழக்கம். நெய் எரிந்தால் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டேமுக்கால் மடங்கு கரியமில வாயு தருமாதலின், மொத்தம் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. நெய்வேலியில் ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல் வெட்டப்படும் பழுப்பு நிலக்கரியோடு ஒப்பிட்டால், அந்தப் பத்து டன் வாயு அரை நிமிடத்துக்கும் குறைவான வெட்டில் அடங்கிவிடும். ஆனால் அளவு இங்கே இரண்டாவது செய்திதான். நெய்யிலுள்ள கரி, ஓரிரு ஆண்டுக்கு முன் காற்றிலிருந்து புல் எடுத்துக்கொண்டது, பசுவின் வயிற்றின் வழியாகக் கொப்பரைக்கு வந்தது. எரிந்ததும் எடுத்த இடத்துக்கே திரும்புகிறது. அந்தப் பசு அசைபோட்டு விட்ட மீத்தேனும், நெய்யேற்றி வந்த லாரியின் டீசலும் வேறு கணக்கு. நெய்வேலியின் கரியோ பல இலட்சம் நூற்றாண்டளவில் காற்றோடு தொடர்பற்று மண்ணுக்கடியில் கிடந்தது.

இவ்விரண்டு கரியையும் காற்றில் கலந்த பின்னும் பிரித்தறியலாம். மேல்காற்றில் அண்டக்கதிர்கள் ஓயாது தோற்றுவிக்கும் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரி, உயிருள்ள அனைத்திலும் சிறிதளவு கலந்திருக்கிறது. உயிர் நீங்கிய பின் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆகவே நெய்யில் அது உண்டு, நிலக்கரியில் அறவே இல்லை. 1955-இல் ஹான்ஸ் சூஸ் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த வளையங்களில் கார்பன்-14 முன்னைவிடக் குறைந்திருப்பதைக் கண்டார். அக்கரி இல்லாத பழங்கரி காற்றில் கலந்து அதை நீர்க்கச் செய்திருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315 பங்காகவும், 2024-இல் 420 பங்குக்கு மேலாகவும் இருந்தது. கூடிய அந்தப் பங்கு எந்த மண்ணுக்கடியிலிருந்து வந்தது என்பதை, அது வளர்ந்த ஆண்டுகளின் மரங்கள் தம் வளையங்களில் எழுதி வைத்திருக்கின்றன.